குணமான பிறகு எங்கே போவது?

மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டில் பெயர், வயது, நோய், மருந்து என்று வரிசையாகப் போய், முகவரிக்கும் இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். யாரும் யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போகிற இடம் அது. சென்னை நடைபாதையிலிருந்து மீட்கப்பட்டு, மாதக்கணக்கில் மனநலச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு அந்த இரண்டு வரிதான் மலையாக நிற்கிறது. காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் அடங்கிவிட்டன. ராத்திரி தூக்கம் வருகிறது. நேரத்துக்குப் பசிக்கிறது. மாத்திரையை அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார், தன் துணியைத் தானே துவைத்துக் காயப்போடுகிறார். இனி இங்கே படுக்கை தேவையில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். அவர் எங்கே போவார்?

தெருவில் யாராவது தனக்குத்தானே பேசிக்கொண்டு, கிழிந்த துணியோடு அலைவதைப் பார்த்தால், இரக்கப்படுகிறவர்களும் எரிச்சல்படுகிறவர்களும் ஒன்றையே சொல்கிறார்கள்: “யாராவது கூட்டிட்டுப் போய் எங்கேயாவது சேர்த்துடணும்.” சேர்ப்பது முதல் படி மட்டுமே. அதற்குப் பிறகு என்ன என்கிற கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல்தான் இத்தனை காலம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் ஒரு பக்கம் தெருவில் ஆள் குறையவில்லை, இன்னொரு பக்கம் குணமானவர்கள் வார்டிலேயே முதுமை அடைகிறார்கள்.

அம்மா இருக்கும்வரை

இவர்கள் எல்லோரும் குடும்பத்தால் விரட்டப்பட்டவர்கள் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. விரட்டப்பட்டவர்கள் உண்டு. ஆனால் தெருவுக்கு வந்து சேரும் பாதை பெரும்பாலும் அதைவிடச் சிக்கலானது.

மனச்சிதைவு நோய் உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். படிப்பு நிற்கும், வேலை போகும். அந்தப் பிள்ளையை ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடிப்பது அநேகமாக அம்மாதான். கூலி வேலைக்குப் போகிற வீட்டில், மாதம் ஒருமுறை பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போய் மருந்து வாங்குவது என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். இரண்டு மாதம் தவறினால் நோய் திரும்பிவிடும். அக்கம்பக்கத்தில் சண்டை வரும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். இதையெல்லாம் சமாளித்தபடி இருபது, முப்பது வருடம் ஓட்டுகிற அம்மா ஒரு நாள் இறந்துபோகிறார். அண்ணன் தம்பிக்கு அவரவர் குடும்பம். சோறு எடுத்துவைக்க, மாத்திரை கொடுக்க, கதவைத் திறந்துவிட யாரும் இல்லாத வீட்டிலிருந்து நாற்பது வயதுப் பிள்ளை வெளியே நடக்க ஆரம்பிக்கிறார். அந்தக் குடும்பம் கெட்ட குடும்பம் அல்ல. எந்த உதவியும் இல்லாமல் விடப்பட்ட குடும்பம்.

பெண்களின் கதை வேறு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் பிரசவத்தை ஒட்டித் தீவிர மனநோய் வரலாம். முறையாகச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடக்கூடிய நோய் இது. ஆனால் குழந்தையைத் தூக்க மாட்டேன் என்கிறாள், ராத்திரியில் எழுந்து ஓடுகிறாள் என்றதும் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கணவனுக்கு இன்னொரு கல்யாணம் நடக்கிறது. பிறந்த வீட்டிலும் அவள் பாரம். ஒரு நாள் ரயில் ஏறிவிடுகிறாள். ரயில் எங்கே முடிகிறதோ அங்கே இறங்குகிறாள். சென்னை சென்ட்ரல் நிறைய ரயில்களுக்குக் கடைசி நிறுத்தம். அதனால்தான் இந்த நகரத்தின் தெருக்களில் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் ஒடியாவும் பேசும் பெண்களைப் பார்க்கிறோம். தமிழ் மட்டுமே தெரிந்த பெண்கள் இதேபோல் வடக்கே எங்கோ ஒரு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. முதலில் வீடு போகும், பிறகு மனம் குலையும். நடைபாதையில் படுக்கும் பெண்கள் பலர் இரவில் தூங்குவதே இல்லை. யாராவது நெருங்கி வருவார்களோ என்று விழித்தே கிடந்துவிட்டுப் பகலில் கண் அயர்கிறார்கள். காலை பத்து மணிக்கு பஸ் நிறுத்தத்தில் சுருண்டு தூங்கும் பெண்ணைப் பார்த்துச் சோம்பேறி என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தூக்கமின்மை மட்டுமே போதும், அரைகுறையாக இருக்கும் மனநோயை முழுதாகக் கிளப்பிவிட. அதோடு பசி, வெயில், அடி, பாலியல் வன்முறை. மீட்கப்பட்டு வரும் பெண்களுக்குச் செய்யும் முதல் பரிசோதனைகளில் கர்ப்பப் பரிசோதனையும் ஒன்று. அது ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணுவதற்கே ஆள் இல்லை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவு வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் நகரங்களில். ஒரே இரவில் பாலத்தடியிலும் கோயில் வாசலிலும் தேடி எண்ணிய எண்ணிக்கை இது. உண்மை இதைவிட அதிகம் என்றே களத்தில் வேலை செய்பவர்கள் அப்போதிலிருந்து சொல்லிவருகிறார்கள். 2021-ல் நடக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை.

மனநோய்க் கணக்கில் இவர்கள் நிலை இன்னும் மோசம். 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது என்பதும், சிகிச்சை தேவைப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை என்பதும் அதில் தெரியவந்தன. மிக முக்கியமான ஆய்வுதான். ஆனால் அந்த எண்கள் வீடு வீடாகப் போய் எடுத்தவை. கதவே இல்லாதவரிடம் யார் கதவைத் தட்டுவது? நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அந்த சதவீதத்துக்குள் வரவில்லை. எண்ணிக்கையில் இல்லாதவருக்கு நிதி ஒதுக்கீட்டிலும் இடம் இருப்பதில்லை.

டீயும் பிஸ்கட்டும்

ஒருவரைத் தெருவிலிருந்து மீட்பது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால், அதில் அவசரம் என்பதே இல்லை என்பது புரியும்.

தலைமுடி சடையாகி ஒட்டிக்கிடக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து சட்டை, அதன்மேல் ஒரு சாக்கு. கூடவே மூட்டை. பிளாஸ்டிக் பை, கயிறு, காலி பாட்டில், எங்கிருந்தோ வந்த ஒற்றைச் செருப்பு. அந்த மூட்டையைத் தொட்டால் எல்லாம் கெட்டுப்போகும். அனுபவப்பட்ட களப் பணியாளர்கள் முதலில் நாலடி தள்ளி உட்காருகிறார்கள், தரையில். “அக்கா, டீ சாப்பிடுறீங்களா?” பதில் வராது. டீயையும் பிஸ்கட்டையும் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். மறுநாளும் வருவார்கள். சில நேரம் வாரக்கணக்கில் இப்படிப் போகும். அந்தத் தெருவின் டீக்கடைக்காரரும் பூக்காரம்மாவும்தான் அதுவரை அவரை உயிரோடு வைத்திருந்தவர்கள். அவர் எந்த நேரத்தில் அமைதியாக இருப்பார், யாரைக் கண்டால் கல்லை எடுப்பார், இட்லி பிடிக்குமா, சோறு பிடிக்குமா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அரசு ஆவணம் எதிலும் இல்லாத ஒரு மனிதரின் முழு விவரக்குறிப்பு ஒரு டீக்கடையில் கிடைக்கும்.

வண்டியில் ஏறிய பிறகும் முதல் மருந்து மாத்திரை அல்ல. குளியல், சாப்பாடு, தூக்கம். புண்ணில் புழு வைத்திருந்தால் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். ரத்தசோகை, காசநோய், தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பி12 குறைபாடே சிலருக்குப் பிதற்றலையும் குழப்பத்தையும் உண்டாக்கும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. பிறகுதான் மனநல மருந்துகள். தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. பழைய, விலை குறைந்த மருந்துகள்தான் இவற்றில் பல. மருந்து வேலை செய்யத் தொடங்கி சில வாரங்களில், நிறைய பேர் நம்மோடு பேசுகிற அளவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஊரைத் தேடும் வேலை. பெயர் கேட்டால் இன்று ஒன்று, நாளை ஒன்று. மாவட்டம் தெரியாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் பெயர் வரும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த கோயில் ஞாபகம் வரும், எந்தப் பண்டிகைக்கு என்ன பலகாரம் செய்வார்கள் என்பது வரும். அதை வைத்து மாநிலத்தை ஊகித்து, வட்டாரத்தைத் தேடி, அங்குள்ள காவல் நிலையத்துக்கு போன் போட்டு, பஞ்சாயத்துத் தலைவர் வழியாக ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். சில வீடுகளில் அந்தப் பெயருக்குக் கருமாதியே முடித்திருப்பார்கள்.

மகாராஷ்டிரத்தின் கர்ஜத்தில் ஷ்ரத்தா மறுவாழ்வு அமைப்பை நடத்தும் மனநல மருத்துவர் பரத் வாட்வானி இந்த வேலைக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். 1988 முதல் தெருவில் அலைபவர்களுக்குச் சிகிச்சை அளித்து, நாட்டின் எந்த மூலையாக இருந்தாலும் அவர்களை ஊர் கொண்டு சேர்க்கிறார். 2018-ல் மகசேசே விருது பெற்றார். வீடு இருக்கிறது, ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல முடிவு இல்லை. அந்த இரண்டும் இல்லாதவர்களிடம்தான் நாம் தடுக்கி விழுகிறோம்.

கீழ்ப்பாக்கமும் ஏர்வாடியும்

சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794-ல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் வாலன்டைன் கோனலி நடத்திய தனியார் காப்பகம் அது. 1871-ல் இப்போதைய கீழ்ப்பாக்கம் இடத்துக்கு வந்த அரசுக் காப்பகம், பின்னர் மனநல மருத்துவமனை என்றும் மனநலக் காப்பகம் என்றும் பெயர் மாறியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட, இந்தியாவின் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. நகரத்தில் யாரைத் தெருவில் கண்டாலும் அங்கே கொண்டுபோவதுதான் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி இயங்கிய ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓட முடியாமல் கருகியவர்கள், பின்னர் மருத்துவமனையில் இறந்தவர்கள் எல்லாம் சேர்த்து 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த மற்ற காப்பகங்களும் மூடப்பட்டு, ஐநூறுக்கும் அதிகமானோர் அரசின் பொறுப்பில் வந்தார்கள். அவர்களில் பலரும் வீடு இருந்தும் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள். சங்கிலியை அறுக்க அரசாணை போதுமாக இருந்தது. அவர்களை வீட்டுக்கு அனுப்ப அது போதவில்லை.

அந்த நிலைமை நாடு முழுக்க இன்னும் மாறவில்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தது. உள்ளே இருந்தவர்களில் சுமார் 36 சதவீதம் பேர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கியிருந்தார்கள். பத்தாண்டுகளைத் தாண்டியவர்களும் அவர்களில் உண்டு. ஒவ்வொருவரும் பிடித்துவைத்திருக்கும் படுக்கை, இன்று தெருவில் நோயின் உச்சத்தில் இருக்கும் இன்னொருவருக்குக் கிடைக்காத படுக்கை. இதற்கு மருத்துவமனை ஊழியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கதவுக்கு வெளியே இடம் இல்லாதபோது அவர்கள் யாரை எங்கே அனுப்புவார்கள்?

சட்டம் தெளிவாக இருக்கிறது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ஐப் படித்துப் பார்த்தால், எழுதியவர்களுக்குத் தெருவின் நிலைமை நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

பிரிவு 100 காவல் துறைக்கானது. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில், மனநோயோடு அலைகிறார் என்று கருதத்தக்க ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவர் வீடற்றவர் என்றால், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் வேலை. பிரிவு 95 சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் வீடற்றோருக்கும் சிகிச்சை முழுக்க இலவசம் என்கிறது பிரிவு 18. கார்டு கேட்டு விரட்ட முடியாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரிவு 19. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே தங்க ஏற்பாடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. மக்களோடு மக்களாக வாழ்வது அவருடைய உரிமை. இடைநிலை இல்லங்களையும் சிலர் சேர்ந்து வாழும் வீடுகளையும் ஏற்படுத்துவது அரசின் கடமை. அதே 2017-ல் உச்ச நீதிமன்றமும், குணமானவர்களின் மறுவாழ்வுக்கு வழி செய்யச் சொல்லி உத்தரவிட்டது. மகாராஷ்டிரத்தில் அப்படிப்பட்டவர்களைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றியதை 2021-ல் அதே நீதிமன்றம் கண்டித்தது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஆளைத் தள்ளுவது மறுவாழ்வு ஆகாது.

இங்கே நல்ல விஷயங்களும் நடந்திருக்கின்றன, சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. தெருவிலிருந்து மீட்கப்படும் மனநோயாளிகளுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் சில மாவட்டங்களில் தொடங்கப்பட்டன. சென்னை மாநகரக் காவல்துறை 2021-ல் ‘காவல் கரங்கள்’ என்ற பெயரில் ஆதரவற்றோரை மீட்கும் பணியைத் தொடங்கியது. மாநகராட்சியின் இரவுக் காப்பகங்களில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கென்று தனியாகவும் சில உண்டு. ஆனால் கவனித்துப் பாருங்கள், இவை பெரும்பாலும் ஆளை உள்ளே எடுக்கும் ஏற்பாடுகள்.

தெருவில் ஒரு சாதாரண வீடு

1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் மனம் சிதைந்து நின்ற ஒரு பெண்ணை எங்காவது சேர்க்க அலைந்தார்கள். எந்த இடமும் ஏற்கவில்லை. அவர்கள் தொடங்கியதுதான் ‘பேன்யன்’ அமைப்பு. முகப்பேரில் அதன் ‘அடைக்கலம்’ மையத்துக்கு வந்து, தேறி, ஊர் திரும்பிய பெண்கள் ஏராளம். திரும்ப முடியாதவர்களும் சேர்ந்துகொண்டே போனார்கள். மையம் எவ்வளவு அன்பாக நடந்தாலும் அது மையம்தான். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் மாத்திரை.

2015-ல் அவர்கள் ‘ஹோம் அகெய்ன்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வழி மிக எளிது. சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது. நாலைந்து பேர், தங்களுக்குள் ஒத்துப்போகிறவர்களாகத் தேர்ந்து, அதில் குடியேறுவது. உதவிக்கு ஒரு பணியாளர். அவர் நர்ஸ் அல்ல, பயிற்சி பெற்ற ஒரு சாதாரணப் பெண். மாத்திரை, மருத்துவமனை, மாதாந்தரச் செலவு ஆகியவற்றுக்குக் கைகொடுப்பார். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் பாடு.

இன்று என்ன குழம்பு வைப்பது என்பதில் வாக்குவாதம் வரலாம், எந்த சீரியல் பார்ப்பது என்பதில் கோபம் வரலாம். காய்கறிக்காரரிடம் பேரம் பேசலாம், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்கலாம். பத்து, பதினைந்து வருடம் வார்டில் இருந்த ஒருவருக்கு, நினைத்த நேரத்தில் டீ போட்டுக்கொள்ள ஓர் அடுப்பு கிடைப்பது எத்தனை பெரிய விஷயம் என்று வெளியே இருக்கும் நமக்கு எளிதில் புரியாது. இப்படியான வீடுகள் தமிழ்நாட்டைத் தாண்டிக் கேரளத்துக்கும் அசாமுக்கும் போயிருக்கின்றன. வாழ்நாள் முழுக்க மருத்துவமனையில்தான் இருக்க முடியும் என்று கைவிடப்பட்டவர்களும் இவற்றில் குடும்பம் நடத்துகிறார்கள். நோய் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சிலருக்குக் குரல்கள் இன்னும் கேட்கும். அதோடு வாழவும் ஒரு வீடு போதும் என்பதுதான் இதில் தெரியவந்த உண்மை.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை: அரசு அடுத்த ரூபாயைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். புதிய பெரிய காப்பகக் கட்டடங்கள் வேண்டாம். அரசு வீட்டுவசதித் திட்டங்களில் இவர்களுக்கென்று சில வீடுகளை ஒதுக்கலாம். வாடகை வீடுகளுக்கு மாநில அரசே பணம் கொடுக்கலாம். ஊர் திரும்பியவருக்கு மாத ஊசியும் மாத்திரையும் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்தால், மருந்து நின்றுபோய் மறுபடி ரயில் ஏறுபவர்களின் எண்ணிக்கை குறையும். பிரிவு 19 கேட்பதும் இவற்றைத்தான்.

நாம்

உங்கள் தெருமுனையில் அப்படி ஒருவர் இருந்தால், நூறுக்கு போன் செய்து விவரம் சொல்லுங்கள். பிரிவு 100 இருக்கிறது என்பதையும் நினைவூட்டுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவருடைய மூட்டையைத் தொடாதீர்கள், மொட்டையடித்துக் குளிப்பாட்டி வீடியோ எடுக்கும் கூட்டத்தில் சேராதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் சாப்பாடும் வையுங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டு தவிக்கிறீர்கள் என்றால், 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு வேண்டுகோள், சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு. சேர்ந்து வாழும் வீடுகளுக்கு இடம் தேடிப் போகும்போது, யார் குடிவரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள், அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வன்முறை செய்பவர்கள் அல்ல, வன்முறைக்கு ஆளானவர்கள். அப்படி நாலு பேருக்காக உங்கள் வீட்டை யாராவது கேட்டு வந்தால், மற்றவர்களிடம் வாங்கும் அதே அட்வான்ஸ், அதே வாடகைக்குச் சாவியைக் கொடுங்கள். அது பக்கத்து வீடு என்றால், குடிவந்த அன்று போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.